பைக்கு 10 கிலோ உருளைக்கிழங்கு என்று சொல்லி விற்றார்கள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: மொட்டை மாடியில் உருளைக்கிழங்கு வளர்க்க இணையத்தில் ஒரு 'கிட்' வாங்கினோம். 15 அங்குல வளர்ப்புப் பை இரண்டு, தென்னை நார்க் கழிவு, உரம், விதைக்கிழங்கு ஆறு. விலை 1,200 ரூபாய். 'ஒரு பைக்கு 10 கிலோ உறுதி' என்று படத்தோடு போட்டிருந்தார்கள். பைக்கு மூன்றாக அக்டோபர் கடைசியில் நட்டோம். ஜனவரி கடைசியில் செடி பழுத்ததும் பறித்தோம். இரண்டு பையும் சேர்த்து ஒன்றரைக் கிலோதான் கிடைத்தது. தவறு எங்களுடையதா, விற்றவருடையதா? பணம் திரும்பக் கிடைக்குமா?
(ஒரு வாசகி, கோவை)

பதில்: உங்கள் விளைச்சலில் குறையே இல்லை அம்மா. ஆறு விதைக்கு ஒன்றரைக் கிலோ என்றால் செடிக்கு 250 கிராம். நீலகிரியில் நல்ல மண்ணில், 120 நாள் பயிரில் ஏக்கருக்கு 6 முதல் 8 டன் எடுத்தாலே நல்ல மகசூல் என்பார்கள். அதைச் சதுர மீட்டருக்குப் பிரித்தால் 2 கிலோவுக்குள்தான் வரும். 15 அங்குலப் பையின் வாய் ஒரு சதுர மீட்டரில் ஒன்பதில் ஒரு பங்குதான். அந்த இடத்துக்குள் முக்கால் கிலோ எடுத்திருக்கிறீர்கள். பையில் தழை வெளியே பரந்து வெயில் வாங்குவதால் இது சாத்தியமாகிறது.

விளம்பரத்தின் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். அந்தப் பையில் 10 கிலோ என்றால் ஏக்கருக்கு 350 டன்னைத் தாண்டும். உலகத்தில் எந்த உருளைத் தோட்டமும் அப்படி விளைந்ததில்லை. சமவெளி மாடியில் நல்ல விதைக்கு 200 முதல் 400 கிராம் வரை எதிர்பார்க்கலாம். மலைப்பகுதியில் நன்றாகக் கவனித்தால் அரைக் கிலோவைத் தொடலாம். 'வளர வளர மண்ணை ஏற்றிக்கொண்டே போனால் அடுக்கடுக்காகக் கிழங்கு பிடிக்கும்' என்று விற்பவர்கள் சொல்வதையும் நம்பாதீர்கள். நம்மிடம் கிடைக்கும் பெரும்பாலான ரகங்கள் விதைக்கிழங்கை ஒட்டியேதான் காய்க்கும். மண் அணைப்பது முக்கியமாகக் கிழங்கின் மேல் வெயில் படாமலிருக்க.

விளைச்சலை முடிவு செய்வதில் இரவுக் குளிருக்குப் பெரிய பங்கு உண்டு. இரவு வெப்பம் 20 டிகிரிக்கு மேலே போனால் செடி தழைத்துக்கொண்டே போகும், கீழே கிழங்கு இறங்காது. கோவை, ஓசூர்ப் பக்கம் மார்கழி, தை தாங்கும். சென்னையில் அந்த மாதங்களிலேயே இழுபறிதான். சித்திரையில் நடச் சொல்லிச் சமவெளிக்காரர்களிடம் கிட் விற்பவர்களிடம் வாங்கவே வேண்டாம்.

இனி பணம். உங்கள் புகாரை 'விளைச்சல் குறைவு' என்று எழுதாதீர்கள். எழுதினால் தண்ணீர் சரியாக ஊற்றவில்லை என்று பதில் வரும். 'கொடுக்க முடியாத அளவை உறுதி என்று விளம்பரம் செய்தார்கள்' என்று எழுதுங்கள். அளவு பற்றிய பொய் உறுதிமொழியை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான விளம்பரம் என்றே வகைப்படுத்துகிறது. விளம்பரப் பக்கத்தை இன்றே திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள், நாளைக்கு மாற்றிவிடுவார்கள். ரசீதும், பறித்த கிழங்கைத் தராசில் வைத்த படமும் இருந்தால் போதும்.

முதலில் அந்த விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்லவும், ஒரு மாதத்தில் தீர்க்கவும் அவர் கடமைப்பட்டவர். நகரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையவில்லையென்றால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் சரி. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். 1,200 ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலா என்று விடாதீர்கள். இதே பக்கத்தைப் பார்த்து இன்னும் எத்தனையோ பேர் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்வி: அடுத்த முறை கிட் இல்லாமல், கடைக் கிழங்கையே முளைக்க வைத்து நடலாமா? ஊட்டி விதைக்கிழங்கு தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார்.

பதில்: கடைக் கிழங்கு பல நேரம் முளைக்கும், ஆனால் நம்பி இறங்க முடியாது. குளிர்க்கிடங்கில் முளைவிடாமலிருக்க மருந்து அடிப்பதுண்டு. வைரஸ் நோயையும் கூடவே கொண்டுவரும்.

ஊட்டி விதைக்கிழங்கை மட்டும் வாங்காதீர்கள். 1961இல் நீலகிரியில், வேரைத் தாக்கும் நுண்ணிய புழுவான உருளைக்கிழங்கு முட்டைக்கூட்டு நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. அது மற்ற இடங்களுக்குப் பரவக்கூடாது என்றுதான் அங்கிருந்து விதைக்கிழங்கை வெளியே கொண்டுபோகத் தடை போட்டார்கள். மண்ணில் ஒருமுறை புகுந்தால் பல ஆண்டுகள் கிடக்கும். சமையலுக்கு ஊட்டிக் கிழங்கைத் தாராளமாக வாங்கலாம், மண்ணில் மட்டும் வைக்க வேண்டாம். சான்று அட்டை உள்ள, வடக்கிலிருந்து வரும் விதைக்கிழங்கை, 30 முதல் 50 கிராம் அளவில் முழுதாக வாங்கி நடுங்கள்.

கேள்வி: பறித்த கிழங்கின் தோல் கையோடு உரிந்து வந்துவிடுகிறது. சிலவற்றில் பச்சை நிறம். சாப்பிடலாமா?

பதில்: தோல் உரிந்தால் அவசரப்பட்டுப் பறித்திருக்கிறீர்கள். இலை பழுத்ததும் தண்ணீரை நிறுத்தி, தழையை அறுத்துவிட்டுப் பத்து நாள் மண்ணுக்குள்ளேயே விடுங்கள். பிறகு ஒரு கிழங்கை எடுத்துக் கட்டைவிரலால் தேயுங்கள். தோல் நகரவில்லையென்றால் பறிக்கலாம். கழுவாமல், நிழலில் உலர்த்தி, இருட்டான காற்றோட்டமுள்ள இடத்தில் சாக்கில் பரப்பி வையுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இனிப்பேறி, வறுக்கும்போது கருத்துவிடும். தோல் உரிந்தவற்றை இந்த வாரமே சமைத்துவிடுங்கள், தங்காது.

பச்சை என்பது வெயில் பட்ட அடையாளம். அந்த இடத்தில் சோலனின் என்ற நஞ்சு கூடியிருக்கும், வேகவைத்தாலும் போகாது. லேசாக இருந்தால் ஆழமாகச் சீவி எடுத்துவிடலாம். பாதிக் கிழங்கு பச்சையாக இருந்தாலோ கசந்தாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள், குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது.