1852 இங்கிலாந்து ஏழைகள் சட்ட யூனியன் கணக்கில் சாட்சிச் செலவு எங்கே போனது?

யூனியன் என்பது ஏழைகளைப் பராமரிக்கப் பல பாரிஷ்கள் (தேவாலய வட்டாரங்கள்) சேர்ந்த அமைப்பு. வழக்குச் சாட்சிகளுக்கான செலவை அதன் பொது நிதிப் பக்கத்தில் தேடாதீர்கள், அந்தந்தப் பாரிஷின் தனிக் கணக்கில் பாருங்கள். நீங்கள் சொல்லும் வழக்கு, ஓர் ஏழையை எந்தப் பாரிஷ் பராமரிக்க வேண்டும் என்ற தகராறுதானே? ஏழைகளுக்கான செலவை யூனியனுக்குப் பொதுவாக்கிய 1865 சட்டம் வரும்வரை அந்தச் சுமை பாரிஷுடையது. யூனியனில் சேர்ந்திருந்தாலும் ஒவ்வொரு பாரிஷும் தன் ஏழைகளுக்குத் தானே செலவழித்தது. அதனால் காலாண்டு நீதிமன்றத்துக்குச் சாட்சிகளை அழைத்துப்போன வண்டிக்கூலி, சாப்பாடு, இழந்த நாள்கூலி எல்லாம் பாரிஷின் தலையில்தான் விழுந்திருக்கும்.

அங்கும் இல்லையா? சரி, வழக்கறிஞர் பில்லுக்குள் சேர்ந்திருக்கலாம். மொத்தத் தொகையாக ஒரே வரியில் எழுதிவிடுவார்கள்.

அப்புறம், லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் எம்.எச். 12 தொகுப்பைத் திறந்து பாருங்கள். ஏழைகள் சட்டத்தைக் கண்காணித்த மத்திய அமைப்புக்கும் யூனியன்களுக்கும் இடையிலான கடிதங்கள் யூனியன் வாரியாக, தேதி வரிசையில் இருக்கும். மாவட்டத் தணிக்கையாளருக்குச் செலவை ஏற்க மறுக்கும் அதிகாரம் இருந்தது. மறுத்திருந்தால், அதை எதிர்த்து எழுதிய கடிதத்தில் சாட்சி வாரியான விவரம் கிடைக்க வாய்ப்பு உண்டு. உண்மையான மனிதர்கள் தென்படுவது அங்கேதான், பொறுமையாகப் படியுங்கள்.

ஒன்றை மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பணிவிடுதித் (ஏழைகளைத் தங்கவைத்து வேலை வாங்கிய விடுதி) துணியைத் திருடியது போன்ற குற்ற வழக்கு என்றால் பாதையே வேறு. 1826 சட்டப்படி நீதிமன்றம் உத்தரவிட்டு, கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) வரியிலிருந்து சாட்சிக்குப் பணம் தந்திருக்கலாம். அப்போது பாரிஷ் கணக்கில் தேடிப் பயனில்லை.