இம்ப்ளான்ட்டை எடுக்கும்போது உறையையும் முழுசாக எடுக்க வேண்டுமா?

கேள்வி: எனக்கு 43 வயது. 12 வருடங்களுக்கு முன்பு அக்குள் வழியாகக் கீறி, தசைக்கு அடியில் சிலிக்கான் மார்பக இம்ப்ளான்ட் வைத்தார்கள். இப்போது இடது பக்கம் கல் மாதிரி இறுகி வலிக்கிறது. எடுத்துவிட முடிவு செய்துவிட்டேன். 'என் பிளாக்' முறையில் உறையோடு மொத்தமாக எடுத்தால்தான் நல்லது என்று இணையத்தில் பலர் சொல்கிறார்கள். நான் பார்த்த டாக்டரோ, உறையில் கொஞ்சத்தை உள்ளேயே விட வேண்டி வரலாம் என்கிறார். யாரை நம்புவது?

பதில்: உங்கள் டாக்டரை நம்பலாம். பயந்துபோய்க் கேட்கிறீர்கள் என்பது புரிகிறது, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

உடம்புக்குள் வெளிப்பொருள் எது போனாலும், அதைச் சுற்றித் தழும்புத் திசுவால் ஓர் உறை உருவாகும். பேஸ்மேக்கரைச் சுற்றியும் உருவாகும். அது நோய் இல்லை. பலருக்கு அது வெங்காயத்தின் உள்சவ்வு போல மெல்லிசாக இருக்கும். அதை உள்ளே விட்டாலும் பெரும்பாலும் தொந்தரவு வராது. சிலருக்குத் தடித்து, சுண்ணாம்பு படிந்து, முட்டை ஓடு போல ஆகிவிடும். உங்கள் இடது பக்கம் அந்த வகையாக இருக்கலாம். அப்படியென்றால் முடிந்தவரை எடுத்துவிடுவதுதான் சரி.

'என் பிளாக்' என்பது புற்றுநோய் அறுவை சிகிச்சையின் சொல். உறையைத் திறக்காமல், சுற்றியுள்ள திசுவையும் ஓரளவு சேர்த்து ஒரே துண்டாக எடுப்பது. சொரசொரப்பான மேற்பரப்புள்ள இம்ப்ளான்ட்டுகளோடு தொடர்புடைய ஒரு அரிய லிம்போமா (நிணநீர் மண்டலப் புற்றுநோய்) உண்டு. அதற்குத்தான் இந்த முறை கட்டாயம். 2019 ஜூலையில் அலர்கன் நிறுவனத்தின் பயோசெல் வகை இம்ப்ளான்ட் உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டது இதனால்தான். வருடங்கள் கழித்து ஒரு மார்பகம் மட்டும் நீர் கோத்து வீங்குவது இதன் முக்கிய அறிகுறி. அதனால் எந்த முறை என்று பேசுவதற்கு முன்பே அல்ட்ராசவுண்ட் எடுங்கள். நீர் இருந்தால் ஊசியால் எடுத்து, இந்த லிம்போமாவைக் கண்டறிய உதவும் சிடி30 பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். எம்ஆர்ஐ எடுத்தால் இம்ப்ளான்ட் கிழிந்திருக்கிறதா என்றும் தெரியும். கிழிந்திருந்தால் ஜெல் சிந்தாமல், உறையோடு சேர்த்தே எடுக்கப் பார்ப்போம்.

சரி, ஏன் கொஞ்சம் விட வேண்டி வருகிறது? தசைக்கு அடியில் வைத்த இம்ப்ளான்ட்டின் பின்பக்க உறை விலா எலும்புகளின் மேலேயே ஒட்டியிருக்கும். இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவில் மெல்லிய தசை, அதற்குக் கீழே நுரையீரலை மூடிய சவ்வு, அவ்வளவுதான். விடாப்பிடியாக உரித்தால் அந்தச் சவ்வு கிழிந்து, காற்று புகுந்து நுரையீரல் சுருங்கிவிடலாம். உரித்துக்கொண்டே போகும்போது, பிரிய மறுக்கும் இடம் விரலுக்கே தெரியும். அங்கே நிறுத்துவதுதான் நல்ல சர்ஜனுக்கு அழகு. அசதி, மூட்டுவலி போன்ற காரணங்களுக்காக இம்ப்ளான்ட்டை எடுத்துவிட்ட பெண்களை ஆராய்ந்தபோதும், உறையை எவ்வளவு எடுத்தார்கள் என்பதைப் பொறுத்து முன்னேற்றம் மாறவில்லை.

அக்குள் தழும்பு வழியாகவே எடுக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். அங்கிருந்து உறையின் அடிப்பகுதி சரியாகத் தெரியாது, ரத்தக்கசிவை நிறுத்துவதும் சிரமம். மார்பகத்தின் அடி மடிப்பில் கீறுவதுதான் உங்களுக்கு நல்லது. புதிதாக ஒரு தழும்பு வரும், ஆனால் மடிப்புக்குள் மறைந்துவிடும்.

அப்புறம், தொய்வைச் சரிசெய்யும் லிஃப்ட். அன்றைக்கே செய்யலாம்தான். ஆனால் திசு மெலிந்திருந்து, உறையையும் முழுசாக உரித்தால், முலைக்காம்புக்குப் போகும் ரத்த ஓட்டம் குறையும். புகைப்பழக்கம் இருந்தால் இன்னும் ஆபத்து. அப்படிப்பட்டவர்களை நான் சில மாதங்கள் காத்திருக்கச் சொல்வேன். தோல் தானாகவே ஓரளவு சுருங்கும், சிலருக்கு லிஃப்ட்டே தேவைப்படாது.

பழைய இம்ப்ளான்ட் அட்டையும் ஆபரேஷன் குறிப்பும் இருந்தால் தேடி எடுத்துப் போங்கள். எடுத்த உறையைப் பயாப்சிக்கு அனுப்புவார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.