காலநிலை மாற்றத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எப்படிப் பாடம் நடத்துவது? பனிக்கரடி வீடியோ போட்டால் தூங்கிவிடுகிறார்கள்

ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில், ஒரு அரசுப் பள்ளியில் பதினோரு ஆண்டு அறிவியல் எடுத்தேன். முதல் இரண்டு ஆண்டு நானும் பனிக்கரடிதான் காட்டினேன். கட்டுரை எழுதச் சொன்னால் நாற்பது பேரும் நோட்ஸில் இருக்கிற ஒரே கட்டுரையை எழுதிக் கொடுப்பார்கள். கடைசி வரி 'மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்'. மார்க்கும் போட்டேன், வேறென்ன செய்ய.

அப்புறம் ஒரு நாள் பவளப்பாறை பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடல் ரொம்பச் சூடானால் பவளம் வெளிறி வெள்ளையாகிவிடும் என்றேன். பின் வரிசையிலிருந்து ஒருவன், "பவளம் வெள்ளைதானே டீச்சர்? எங்க வீட்டுச் சுவத்துல இருக்கே" என்றான். வகுப்பே சிரித்தது. ஆனால் அவன் சொன்னது சரி. எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் சுவருக்கு வைத்தது கடலிலிருந்து வெட்டி எடுத்த பவளக்கல். பூச்சுக்குப் போட்ட சுண்ணாம்பும் அதைச் சுட்டு எடுத்ததுதான். அவன் தினம் பார்ப்பது பவளம் என்ற உயிரின் எலும்பு. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் குடியிருந்தும், உயிரோடு இருக்கிற பவளத்தை அந்த வகுப்பில் பெரும்பாலானோர் பார்த்ததே இல்லை.

அங்கிருந்து பாடம் தானாக நடந்தது. நிறம் பவளத்தோடது இல்லை, அதன் உடம்புக்குள் குடியிருக்கிற நுண்பாசியோடது என்று சொன்னேன். பாசி வாடகைக்கு இருக்கிறது, வாடகையைச் சாப்பாடாகக் கொடுக்கிறது. வெயில் காலத்துச் சூடு அளவு மீறிப் பல நாள் நீடித்தால் பவளம் பாசியை வெளியேற்றிவிடும். வெள்ளையாகத் தெரிவது காலி வீடு. அப்போதும் பவளம் சாகவில்லை. சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்ப வந்து சேரும், இழுத்தடித்தால் பட்டினி. மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் இது பெரிய அளவில் நடந்தது.

அடுத்த வாரம் தீவுகளுக்குப் போனோம், வரைபடத்தில்தான். 1986-ல் அறிவித்த கடல்சார் தேசியப் பூங்காவில் 21 தீவுகள். அதில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் இப்போது தண்ணீருக்கடியில். ஏன் என்று கேட்டேன். "கடல் மட்டம் உயர்ந்ததால" என்று மொத்த வகுப்பும் கத்தியது. நானும் ஒரு காலத்தில் கரும்பலகையில் அப்படித்தான் எழுதிப்போட்டேன். அது பாதி உண்மைகூட இல்லை. முதல் காரணம், சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பாரை வெட்டி எடுத்தது. (எங்கள் பக்கம் பவளப்பாறையைப் பார் என்றுதான் சொல்வார்கள்.) அலையை உடைத்துக் கரைக்கு மெதுவாக அனுப்புவது பார். அது போனதும் தீவின் மணல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. கடல் மட்டம் உயர்வது அதன் மேல் ஏறிய கூடுதல் சுமை. 2001-ல் பவளத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்த பிறகுதான் வெட்டுவது ஓயத் தொடங்கியது. சுவர்க்காரப் பையன் முகம் சுருங்கிவிட்டது. "அப்ப எங்க தாத்தாவா டீச்சர் தீவ மூழ்கடிச்சாரு?"

இதற்கு அவசரப்பட்டு ஆறுதல் சொல்லாதீர்கள். அன்று ஒரு பீரியட் முழுவதும் அதிலேயே போனது. என்னைக் கேட்டால் இந்தப் பாடத்தில் கற்றுக்கொடுக்க வேண்டியதே இந்தப் பிரித்துப் பார்க்கிற வேலைதான்: எது நம் ஊர்க் கை செய்தது, எது எங்கோ எரித்த கரி செய்தது, எது எப்போதும் நடப்பது. எல்லாவற்றையும் 'காலநிலை மாற்றம்' என்ற ஒரே மூட்டையில் கட்டினால், ஊரில் தடுக்கக்கூடியதையும் பிள்ளைகள் கைவிட்டுவிடுவார்கள். 1964 தனுஷ்கோடிப் புயலையும் அந்த மூட்டையில் போட்டு எழுதிய விடைத்தாள் என்னிடம் வந்திருக்கிறது.

அதே கணக்கில் வான் தீவைச் சொல்ல வேண்டும். தூத்துக்குடிப் பக்கம், கரைந்து கரைந்து கைப்பிடி மணலாக நின்ற தீவு. 2015 இறுதியிலிருந்து அதன் முன்னால் கடலுக்குள் கான்கிரீட் செயற்கைப் பார்களை இறக்கினார்கள். அலை அடங்கி மணல் மறுபடி சேர்ந்தது. பிள்ளைகள் அதிகம் கேள்வி கேட்டது இதற்குத்தான்.

மனிதர்கள் பற்றிய பகுதிக்கு நான் புத்தகத்தைத் தொடவே இல்லை. வகுப்பில் ஐந்தாறு பேருடைய அம்மாக்கள் கடற்பாசி எடுக்கப் போகிறவர்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி முங்குகிற வேலை. கச்சான் காற்று எப்போது, வாடைக் காற்று எப்போது, கொண்டல் காற்று எப்போது, முன்பு எப்படி இருந்தது என்று வீட்டில் கேட்டு வரச் சொன்னேன். தாத்தாக்கள் எல்லோரும் ஒரே குரலில் "அந்தக் காலத்துல காத்து நாள் தவறாது" என்றார்கள். ஆனால் எந்த மாதம் என்று கேட்டால் ஆளுக்கொன்று! ஞாபகம் வேறு, பதிவு வேறு என்பதையும் அதை வைத்தே பேசினோம். ஒரு பெண் மட்டும் அம்மாவைக் கேட்டு, அந்த மாதம் காற்றால் போக முடியாத நாட்களைக் காலண்டரில் வட்டம் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். அதுதான் எங்கள் முதல் பதிவு. பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்தைச் சேர்ந்த கடற்பாசி எடுக்கும் பெண் லட்சுமி மூர்த்தி, தீவுகளின் இயற்கையைக் காக்கிறவர்களுக்குத் தரும் சீகாலஜி விருதை 2015-ல் வாங்கியவர் என்று சொன்னதும், அந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஒரு எச்சரிக்கை. உற்சாகத்தில் நான் ஒருமுறை கரையில் கிடக்கிற பவளத்துண்டை எடுத்து வரச் சொல்லிவிட்டேன். அதை வைத்திருப்பதே குற்றம் என்று சக ஆசிரியர் சொன்ன பிறகு, எல்லாவற்றையும் திரும்பக் கரையில் போட்டு வரச் சொன்னேன். தீவுகளுக்குப் போகவும் வனத்துறை அனுமதி வேண்டும்.

நீங்கள் எந்த ஊர் என்று சொல்லவில்லை. டெல்டா என்றால் உப்பேறிய கிணற்றில் தொடங்குங்கள். அங்கேயும் கடல் உள்ளே வந்தது எவ்வளவு, நாம் உறிஞ்சியது எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள்.

இன்னொரு சிக்கல், பவளம் வெளிறுவது ஏப்ரல் முதல் ஜூன் வரை, பள்ளிக்கு லீவு. அதனால் சுவர்க்காரப் பையனிடமே லேபிலிருந்து ஒரு தெர்மாமீட்டரைக் கொடுத்தேன். அவன் அப்பா நாட்டுப்படகுக்காரர், விசைப்படகுத் தடைக்காலத்திலும் கடலுக்குப் போவார். கடல் தண்ணீரை வாளியில் மொண்டதும் உடனே சூட்டைப் பார்த்து எழுத வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். ஜூனில் உப்புத்தண்ணீர் பட்டு ஊறிய நோட்டு திரும்பி வந்தது. 31 டிகிரி, 31, 32, மறுபடி 31. நடுவில் இரண்டு பக்கத்துக்கு அவன் அப்பாவின் மீன் கணக்கு.