கூகுள் டிரைவை ஃபைல் மேனேஜரில் இணைத்தால் போனில் இடம் கிடைக்குமா? பாஸ்வேர்ட் கொடுப்பது ஆபத்தா?

இணைப்பதால் மட்டும் ஒரு எம்பி கூட மிச்சமாகாது. பாஸ்வேர்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். உங்களிடம் 32 ஜிபி போன் இருக்கும், வாட்ஸ்அப் இடமில்லை என்று தினமும் கத்தும், யாரோ ஃபைல் மேனேஜரில், அதாவது போனில் இருக்கும் ஃபைல்களைக் காட்டும் ஆப்பில், டிரைவைச் சேர்த்துக்கொள் என்று சொல்லியிருப்பார்கள். டிரைவ் என்பது போனுக்கு வெளியே, கூகுள் தன்னிடத்தில் நமக்குக் கொடுக்கும் இடம். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். நான் பட்டதை நீங்கள் படக்கூடாது என்றுதான் வேலையைப் பாதியில் வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

நான் கும்பகோணத்தில் வீட்டிலேயே ப்ளவுஸுக்கு ஆரி வொர்க் போட்டுக் கொடுக்கிறேன். கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. "உனக்கு எதற்கு இந்தக் கேள்வி" என்று யாராவது கேட்பீர்கள், தெரியும். ஆனால் நஷ்டப்பட்டது நான்தான், அதன் பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டதும் நான்தான்.

2018-இல் தங்கச்சி கல்யாணத்துக்குப் போட்ட முதல் ப்ளவுஸிலிருந்து எல்லாவற்றையும் போட்டோ எடுத்து டிரைவில் வைத்திருந்தேன். போட்ட மாடல், ட்ரேசிங் பேப்பர், சேலையின் முந்தி, அளவு எழுதின சீட்டு, பின்பக்கம் முடிச்சு எப்படி விழுந்திருக்கிறது என்பது வரைக்கும். இரண்டாயிரத்துக்கு மேல் படங்கள். 2023 ஆடி மாசம், ஆவணி முகூர்த்தத்துக்கு 11 ப்ளவுஸ் கையில் இருந்த நேரம், போன் நிரம்பி வாடிக்கையாளர் அனுப்பிய சேலைப் படம் கூட இறங்கவில்லை. ஒரு ஃபைல் மேனேஜரை இறக்கி டிரைவை இணைத்தேன். போனின் மெமரி ஒரு வரி, அதற்குக் கீழேயே டிரைவ் ஒரு வரி, ஒரே மாதிரி மஞ்சள் ஃபோல்டர்கள். கல்யாண மாடல் ஃபோல்டர் அங்கே தெரிந்ததும், ஓ இது போனிலும் ஒரு காப்பி வந்து உட்கார்ந்திருக்கிறது, இதனால்தான் இடமில்லை என்று நினைத்துவிட்டேன். மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து அழித்தேன். நிரந்தரமாக அழிக்கவா என்று கேட்டது, ஆமாம் என்றேன்.

அழித்த பிறகும் போனில் காலி இடம் அதே 400 எம்பி. அப்போதுதான் வயிற்றைப் பிசைந்தது. ஓடிப்போய் டிரைவைத் திறந்தால் ஃபோல்டர் இல்லை. ட்ராஷைத் திறந்தால் அதிலும் ஒன்றும் இல்லை.

அண்ணன் மகன் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படிக்கிறான். அவன் வந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "அத்தை, பேங்க் லாக்கர்ல இருக்கிற நகைக்கு வீட்டுல ஒரு சாவி வெச்ச மாதிரிதான் இது. நகை வீட்டுக்கு வரல. நீங்க லாக்கரையே திறந்து எடுத்து வெளியே போட்டுட்டீங்க." டிரைவின் சொந்த ஆப்பில் அழித்தால் ட்ராஷுக்குப் போய் 30 நாள் இருக்கும். ஆனால் வெளி ஆப்களுக்குக் கூகுள் இரண்டு வழி கொடுக்கிறது, ட்ராஷுக்கு அனுப்புவது ஒன்று, ட்ராஷே இல்லாமல் ஒரேயடியாக நீக்குவது இன்னொன்று. எந்த ஆப் எந்த வழியில் போகிறது என்று அதை எழுதியவர்தான் முடிவு செய்கிறார். நான் இறக்கியது இரண்டாவது வழியில் போயிருக்கிறது. அந்த ஆப்பின் பெயரைச் சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள். கேட்டதற்கு ஆமாம் என்று அழுத்தியது நான்.

இரண்டு ராத்திரி உட்கார்ந்து வாட்ஸ்அப் சாட் ஒவ்வொன்றாகத் தேடி, வாடிக்கையாளர்களிடம் திரும்பக் கேட்டு, 600 படம் போல மீட்டேன். அந்த 11 ப்ளவுஸும் முகூர்த்தத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டன. தங்கச்சி ப்ளவுஸின் படங்கள் கிடைக்கவில்லை.

பேக்கப் எடுக்காதது உன் தப்பு என்று எழுத வருகிறவர்களுக்கு: டிரைவ்தான் எனக்கு பேக்கப். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியை ஜிமெயிலும் டிரைவும் போட்டோஸும் பங்கு போட்டுக்கொள்கின்றன. முன்பு போட்டோஸில் கொஞ்சம் தரம் குறைத்து ஏற்றினால் கணக்கில் வராது, 2021 ஜூன் 1-க்குப் பிறகு ஏற்றுவதெல்லாம் கணக்கில் வருகிறது. அது போதாமல் கூகுளிடம் இன்னும் இடம் வேண்டுமென்றால் பணம் கட்ட வேண்டும்.

போட்டோதானே என்றும் சொல்வார்கள். எங்கள் தொழிலில் போட்டோதான் கடை. வருகிறவர்கள் மாடலைப் பார்த்துத்தான் ஆர்டர் கொடுப்பார்கள். அதிலும் சிலர் என் வீட்டில் உட்கார்ந்து என் சாம்பிளைப் போட்டோ எடுத்துக்கொண்டு போய், பாதி விலைக்குப் போடுகிறவர்களிடம் கொடுத்துவிட்டு, அது சரியாக வரவில்லை என்றதும் திரும்ப என்னிடமே வந்து பிரித்துப் போட்டுத் தரச் சொல்கிறார்கள். "நூலும் பாசியும்தானே, இதுக்கா நாலாயிரம்" என்கிறார்கள். ஒரு கைக்கு ஜர்தோசியில் மயில் போட நான் துணியை இழுத்துக் கட்டிய சட்டத்தின் முன்னால் எத்தனை மணி நேரம் குனிந்து உட்காருகிறேன் என்று ஒரு நாள் வந்து பார்க்கட்டும். சரி, இது உங்கள் கேள்விக்கு வெளியே போகிறது.

பாஸ்வேர்ட் விஷயம். ஃபைல் மேனேஜரில் கிளவுட் என்றோ, ஸ்டோரேஜ் சேர்க்க என்றோ ஒன்று இருக்கும். அதில் கூகுள் டிரைவைத் தொட்டால் போனில் ஏற்கனவே இருக்கும் கணக்கைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல வேண்டும், இல்லை பிரவுசர் திறந்து கூகுளின் சொந்தப் பக்கத்துக்குப் போக வேண்டும். அங்கே நீங்கள் அனுமதி கொடுத்தால் ஆப்புக்கு ஒரு அனுமதிச் சீட்டு போகும், பாஸ்வேர்ட் போகாது. அப்படி இல்லாமல் ஆப்பே தன் உள்ளே ஒரு பெட்டி காட்டி ஜிமெயில் பாஸ்வேர்டை அடிக்கச் சொன்னால் உடனே நீக்கிவிடுங்கள். அந்த அனுமதிப் பக்கத்தை நிதானமாகப் படியுங்கள். டிரைவில் இருக்கும் எல்லாக் கோப்புகளையும் பார்க்க, மாற்ற, உருவாக்க, அழிக்க என்று நான்கும் அதில் இருக்கும். நான் படிக்காமல் சரி கொடுத்தேன். பிறகு வேண்டாம் என்று தோன்றினால் ஆப்பைப் போனிலிருந்து நீக்கினால் மட்டும் போதாது, அனுமதி அப்படியே இருக்கும். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் வெளி ஆப்கள் பட்டியல் இருக்கிறது, அங்கே போய் வெட்டிவிட வேண்டும்.

இடம் வேண்டுமென்றால் போனில் இருப்பதை டிரைவுக்குக் காப்பி செய்யுங்கள். கட் செய்து பேஸ்ட் செய்யாதீர்கள், நடுவில் நெட் போனால் எது போய்ச் சேர்ந்தது எது சேரவில்லை என்று தேட வேண்டியிருக்கும். காப்பி முடிந்ததும் டிரைவின் சொந்த ஆப்பில் நாலைந்து படத்தைத் திறந்து பாருங்கள், அப்புறம் போனில் இருப்பதை அழியுங்கள். கூகுள் ஷீட்டில் கணக்கு எழுதுகிறீர்கள் என்றால், அது சாதாரண ஃபைல் மாதிரி இறங்காது, எக்செல்லாகவோ பிடிஎஃபாகவோ மாற்றித்தான் இறக்க முடியும்.

எந்த ஆப் ஆனாலும் இணைத்தவுடன் முதல் வேலையாக, தேவையில்லாத ஒரு படத்தை டிரைவில் ஏற்றி, அதை ஃபைல் மேனேஜர் வழியாக அழித்துப் பாருங்கள். பிறகு டிரைவ் ஆப்பில் ட்ராஷைத் திறங்கள். அந்தப் படம் அங்கே இருந்தால் அந்த ஆப்பை வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் அதில் படம் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், டிரைவில் எதையும் அழிக்க அதைத் தொடாதீர்கள்.