பிரபஞ்சத்தின் வயது பைபிள் கணக்குப்படி 6,000 ஆண்டு, விஞ்ஞானப்படி 1,380 கோடி ஆண்டு. விசுவாசி எதை ஏற்பது?

முதலில் இரண்டு எண்களும் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள்.

6,000 என்ற எண் எந்த வசனத்திலும் இல்லை. அது கூட்டிப் பெற்ற விடை. ஆதியாகமம் 5-ல் ஆதாம் 130 வயதில் சேத்தைப் பெற்றான், சேத் 105 வயதில் ஏனோசைப் பெற்றான் என்று லாமேக்கு 182 வயதில் நோவாவைப் பெற்றது வரை ஒன்பது எண்கள் வரும். கூட்டினால் 1,056. ஜலப்பிரளயத்தின்போது நோவாவுக்கு வயது 600. ஆக, ஆதாமிலிருந்து பிரளயம் வரை 1,656 ஆண்டு. அயர்லாந்தின் ஆர்மாக் பேராயர் ஜேம்ஸ் அஷர் இதே வழியில் போய், 1650-ல் படைப்பை கி.மு. 4004-ல் வைத்தார். இது எபிரேயப் பிரதியின் கணக்கு. பழைய ஏற்பாட்டின் பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் சேத் பிறந்தபோது ஆதாமுக்கு வயது 230, ஏனோஸ் பிறந்தபோது சேத்துக்கு 205. அதைப் பின்பற்றிய பைசாந்திய நாட்காட்டி படைப்பை கி.மு. 5509-ல் வைத்தது. விஞ்ஞானம் தலையிடுவதற்கு முன்பே, வேதப் பிரதிகளுக்குள்ளேயே 1,500 ஆண்டு வித்தியாசம்.

இனி 1,380 கோடி. விண்மீன் மண்டலங்கள் நம்மைவிட்டு விலகும் வேகத்தை அவற்றின் தூரத்தால் வகுத்தால் ஹபிள் மாறிலி கிடைக்கும் (ஒரு மெகாபார்செக், அதாவது சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு தூரத்துக்கு, வினாடிக்கு இத்தனை கிலோமீட்டர் என்பது அதன் அலகு). 97,800-ஐ அந்த மாறிலியால் வகுத்தால் கோடி ஆண்டுகளில் தோராய வயது வந்துவிடும். மாறிலி 67.4 என்றால் 1,451 கோடி. விரிவு முதலில் மெதுவாகிப் பின்னர் வேகமெடுத்ததற்காக சுமார் 0.95-ஆல் பெருக்கினால் 1,380 கோடி.

வேகத்தை அளப்பது எளிது. ஒளியை நிறங்களாகப் பிரித்தால் தெரியும் நிறமாலைக் கோடுகள் சிவப்புப் பக்கம் எவ்வளவு நகர்ந்தன என்று பார்த்தால் போதும். தூரம்தான் தலைவலி. வானியலாளர் ஹென்ரியட்டா லெவிட், ஒரு சபைப் போதகரின் மகள், 1912-ல் வழி காட்டினார்: செபீட் வகை விண்மீனின் ஒளி கூடிக் குறையும் சுழற்சி எத்தனை நாளோ, அதற்கேற்ப அதன் உண்மையான ஒளி இருக்கும். பல இரவுகள் படமெடுத்துச் சுழற்சியைக் கண்டுபிடித்து, உண்மை ஒளியைக் கணக்கிட்டு, நமக்குத் தெரியும் ஒளியோடு ஒப்பிட்டால் தூரம் வரும். சறுக்குவது இரண்டு இடத்தில். இடையில் தூசி இருந்தால் விண்மீன் மங்கி, இருப்பதைவிடத் தொலைவில் இருப்பதாகக் காட்டும். வேறு வகைச் செபீடின் அளவுகோலைப் போட்டால் எல்லாத் தூரமும் ஒரே விகிதத்தில் பிசகும். 1929-ல் வானியலாளர் எட்வின் ஹபிளுக்கு வந்த மாறிலி சுமார் 500. வகுத்துப் பாருங்கள்: 196 கோடி ஆண்டு. பூமியின் பாறைகளே அதைவிடப் பழையவை! தாயைவிடப் பிள்ளைக்கு வயது கூடிய கதை.

இன்றும் சண்டை ஓயவில்லை. பிரபஞ்சத்தின் தொடக்க கால ஒளியின் மிச்சமான பின்னணிக் கதிர்வீச்சிலிருந்து வரும் மாறிலி 67.4; செபீட், சூப்பர்நோவா (வெடிக்கும் விண்மீன்) வழியாக வருவது சுமார் 73. “பார்த்தீர்களா, அவர்களுக்கே தெரியவில்லை” என்று இதைப் பிரசங்கத்தில் பயன்படுத்தாதீர்கள். வயது 6,000 ஆண்டாக வேண்டுமென்றால் மாறிலி 16 கோடியாக இருக்க வேண்டும்.

செபீடையே நம்பாதவருக்கு வெறும் வடிவியல் போதும். 1987 பிப்ரவரியில் நமக்கு அருகிலுள்ள சிறு விண்மீன் மண்டலமான பெரிய மெகல்லானிய மேகத்தில் ஒரு விண்மீன் வெடித்தது. அதைச் சுற்றி ஏற்கெனவே ஒரு வாயு வளையம் இருந்தது. வெடிப்பின் ஒளி பட்டு வளையம் மிளிரத் தொடங்கியது. அருகு விளிம்பு முதலில், எட்ட விளிம்பு பிறகு. சராசரித் தாமதம் சுமார் 240 நாள். எனவே ஆரம் 240 ஒளிநாள், அதாவது 0.66 ஒளியாண்டு. வானில் தெரியும் ஆரம் சுமார் 0.81 கோணவினாடி. ஆரத்தைக் கோணத்தால் வகுத்தால் (கோணத்தை ரேடியனாக்க மறக்கக் கூடாது) ஏறக்குறைய 1,68,000 ஒளியாண்டு. அந்த ஒளி நம்மை எட்டவே அத்தனை ஆண்டு ஆகியிருக்கும்; 6,000 ஆண்டு போதாது. தேவன் ஒளியை நடுவழியிலேயே படைத்திருக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். அப்படியானால் நாம் பார்த்த வெடிப்பு நடக்கவே இல்லை. அந்த வெடிப்பிலிருந்து வந்து பூமியில் பதிவான இரண்டு டஜன் நியூட்ரினோக்கள் (மிக நுண்ணிய துகள்கள்) நடக்காத சம்பவத்தின் சாட்சிகள். பொய்யுரையாத தேவனைப் பற்றி அப்படிச் சொல்வது எனக்குப் பெரிய இறையியல் சிக்கலாகத் தெரிகிறது.

பிரபஞ்சம் விரிகிறது என்பதை ஐன்ஸ்டீனின் ஈர்ப்புச் சமன்பாட்டிலிருந்து வருவித்து, 1927-லேயே விரிவு வேகத்தை 625 என்று கணக்கிட்டவர் பெல்ஜியக் கத்தோலிக்கக் குரு ஜார்ஜ் லெமைத்ர். 1951 நவம்பரில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், ‘வெளிச்சம் உண்டாகக்கடவது’ என்ற ஆதி வார்த்தைக்கு விஞ்ஞானம் சாட்சி சொல்வதுபோலப் பேசினார். லெமைத்ருக்கு அது உவப்பாக இல்லை. தன் கோட்பாடு மதக் கேள்விக்கு வெளியே நிற்பது, நாத்திகரும் தடையின்றி ஏற்கலாம் என்பது அவர் நிலை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் உலக வானியலாளர்கள் ரோமில் கூடினார்கள். திருத்தந்தை அவர்களிடம் பேசியபோது அந்த ஒப்பீட்டைத் திரும்பச் சொல்லவில்லை. அதே கூட்டத்தில்தான் வால்ட்டர் பாடே, செபீடில் இரு வகை உண்டு, ஆகவே மண்டலங்களின் தூரம் எல்லாம் இரு மடங்கு என்று அறிவித்தார். பிரபஞ்சத்தின் வயதும் ஒரே நாளில் இரட்டிப்பானது.