தானே ஓடும் கார் என்று சொல்லி விற்றவர்கள், அதற்கான ஹார்டுவேரை உரிமையாளர்களுக்கு இலவசமாக மாற்றித் தர வேண்டுமா?

அந்த வசதிக்குப் பணம் கட்டியவர்களுக்குக் கண்டிப்பாக மாற்றித் தர வேண்டும். அதை ‘இலவசம்’ என்று சொல்வதையே நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். விற்ற பொருளை இன்னும் கொடுத்து முடிக்கவில்லை, கொடுத்து முடிக்கச் சொல்கிறோம், அவ்வளவுதான். பணம் கட்டாதவர்கள் விஷயம் கொஞ்சம் சிக்கல். அதற்கு அப்புறம் வருகிறேன்.

கேள்வி பொதுவாக இருந்தாலும் இதன் மையத்தில் இருப்பது அமெரிக்க மின்சாரக் கார் நிறுவனமான டெஸ்லாதான். விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 2016 அக்டோபர் 19 அன்று அந்த நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. இனி தயாராகும் ஒவ்வொரு காரிலும் முழுவதும் தானே ஓடுவதற்குத் தேவையான ஹார்டுவேர் இருக்கும், மனிதர் ஓட்டுவதைவிடக் கணிசமாகக் கூடுதல் பாதுகாப்போடு ஓடும் என்பது அதன் சாரம். காரைச் சுற்றி 8 கேமராக்கள், 12 அல்ட்ராசானிக் சென்சார்கள், முன்னால் ஒரு ரேடார், உள்ளே என்விடியாவின் கம்ப்யூட்டர். சாஃப்ட்வேர் மட்டும் பிறகு வந்து இறங்கும். இதற்காக, ஓட்டுநருக்கு உதவும் மேம்பட்ட ஆட்டோபைலட் என்று 5,000 டாலரும், ‘ஃபுல் செல்ஃப் டிரைவிங்’ (முழுவதும் தானே ஓடுவது) என்று அதற்கு மேல் 3,000 டாலரும் வாங்கினார்கள். 2017 முடிவதற்குள் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நியூயார்க் வரை ஸ்டீயரிங்கைத் தொடாமல் ஒரு கார் போகும் என்றார் நிறுவனத்தின் தலைவர் எலான் மஸ்க். அந்தப் பயணம் நடக்கவில்லை.

2019 ஏப்ரலில் தாங்களே வடிவமைத்த புது கம்ப்யூட்டரைக் காட்டினார்கள். ஹார்டுவேர் 3 என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். நொடிக்கு 144 லட்சம் கோடி கணக்கீடுகள் செய்யும். ஆக, 2016இல் ‘தேவையானது எல்லாம் இருக்கிறது’ என்று சொன்னது சரியில்லை என்று ஆகிவிட்டது. முழு வசதிக்குப் பணம் கட்டியிருந்த பழைய உரிமையாளர்களுக்கு அந்தக் கம்ப்யூட்டரைக் காசு வாங்காமல் மாற்றித் தந்தார்கள். அதை நான் மனதாரப் பாராட்டுவேன். ஆனால் 2023இல் ஹார்டுவேர் 4 வந்ததும் கதை மாறியது. பழைய கார்களில் இதைப் பொருத்துவது செலவுக்குக் கட்டுப்படியாகாது, ஹார்டுவேர் 3 கார்களே மனிதரைவிடப் பாதுகாப்பாக ஓடும் என்றார் மஸ்க். 2025 ஜனவரி கடைசியில் முதலீட்டாளர்களோடு நடந்த கூட்டத்தில், பணம் கட்டியவர்களின் ஹார்டுவேர் 3 கம்ப்யூட்டரை மாற்றித்தான் ஆக வேண்டியிருக்கும் என்று ஒப்புக்கொண்டார். வேதனையான, கடினமான வேலை, ஆனாலும் செய்து முடிப்போம் என்றார். கூடவே, நிறைய பேர் அந்த வசதியை வாங்காதது ஒருவிதத்தில் நல்லதாகப் போயிற்று என்றும் சொன்னார். 2022 செப்டம்பரில் அதே வசதிக்கு 15,000 டாலர் வாங்கியவர்கள் அவர்கள். அந்த விலை கொடுத்தவர்களுக்கு இந்தப் பேச்சு எப்படிக் கேட்டிருக்கும்?

இதில் எனக்கு இவ்வளவு அக்கறை வரக் காரணம், இதே தப்பை விற்கும் பக்கத்தில் நின்று நானும் செய்திருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு கோயம்புத்தூரில் ஒரு சின்ன நிறுவனத்தில் இருந்தேன். துணியில் விழும் ஓட்டை, எண்ணெய்க் கறை இதையெல்லாம் கேமராவால் கண்டுபிடிக்கும் பெட்டி செய்தோம். துணி செக்கிங் மெஷினுக்கு மேலே பொருத்தி விடுவோம், துணி ஓட ஓட அது பார்த்துச் சொல்லும். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி முதலாளிக்கு 14 பெட்டிகள் விற்றோம். விற்கும்போது, இப்போதைக்கு ஓட்டையும் கறையும் கண்டுபிடிக்கும், அடுத்த வருடம் சாஃப்ட்வேர் அனுப்புவோம், ஷேடு, அதாவது துணியின் நிறச் சாயல், மாறினாலும் கண்டுபிடிக்கும், உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் போர்டு அதைத் தாங்கும் என்று சொன்னோம். அதைச் சொன்னவன் நான்தான். அதற்காகப் பெட்டிக்கு ஒரு தொகை கூடுதலாகவும் வாங்கினோம். நான் பொய் சொல்லவில்லை, தாங்கும் என்றுதான் உண்மையாகவே நம்பினேன்.

தாங்கவில்லை. ஷேடு வித்தியாசம் கண்டுபிடிக்க நாங்கள் பழக்கிய ஏஐ மாடல் நாங்கள் நினைத்ததைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டது. போர்டில் ஏற்றினால் துணி இரண்டு மீட்டர் தள்ளிப் போன பிறகுதான் விடை வரும். போர்டை மட்டும் மாற்றினால் போதுமா என்று பார்த்தோம். போதவில்லை, கேமராவே நிறத்தை அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கவில்லை. கேமராவை மாற்றினால் கேபிள் மாற வேண்டும், லைட் மாற வேண்டும். பாதிச் செலவை அவரிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று முடிவு செய்து என்னை அனுப்பினார்கள். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர், “ஏனுங்க தம்பி, நான் போர்டுங்களா வாங்குனேன்? ஷேடு மாறுனா சொல்லும்னீங்க, அதுக்குத்தானுங்க காசு குடுத்தேன்” என்றார். என்னிடம் பதில் இல்லை. திரும்பி வந்து அப்படியே சொன்னேன். 14 பெட்டியும் எங்கள் செலவில் மாறின. அந்த வருடம் எங்களுக்குப் போனஸ் இல்லை. செய்தது சரி என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

ஹார்டுவேர் 3 கார்களின் நிலை கிட்டத்தட்ட அதேதான், அளவுதான் பிரம்மாண்டம். அதன் கேமராக்கள் சுமார் 1.2 மெகாபிக்சல், ஹார்டுவேர் 4இல் சுமார் 5 மெகாபிக்சல். புதிய கம்ப்யூட்டரின் வடிவம், கனெக்டர், மின்சாரத் தேவை எல்லாம் வேறு. டேஷ்போர்டுக்குள் இருக்கும் பழையதைக் கழற்றிவிட்டு இதை அப்படியே செருக முடியாது, பழைய கார்களுக்கென்று தனியாக ஒரு போர்டு வடிவமைக்க வேண்டும். எளிதான வேலை இல்லை என்று மஸ்க் சொல்வதை நான் நம்புகிறேன். ஆனால் இந்தக் கஷ்டம் எல்லாம் எங்கிருந்து வந்தது? எவ்வளவு பெரிய மாடல் தேவைப்படும் என்று யாருக்குமே தெரியாத காலத்தில் ‘தேவையானது எல்லாம் இருக்கிறது’ என்று விற்றதிலிருந்து வந்தது.

இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு இது தெரியும். வேலையை முடித்துக் காட்டும் வரை அதற்கு எவ்வளவு கம்ப்யூட்டர் வேண்டும் என்று சொல்லவே முடியாது. முதலில் சாலைக் கோடு, சிக்னல், பாதசாரி என்று தனித்தனியாக அடையாளம் கண்டு, மீதியை மனிதர் எழுதிய விதிகளால் ஓட்டினார்கள். 2024 வாக்கில் வந்த டெஸ்லா சாஃப்ட்வேரின் 12ஆம் பதிப்பில் கேமராப் படம் உள்ளே போய் ஸ்டீயரிங்கும் பிரேக்கும் வெளியே வரும்படி எல்லாவற்றையும், பார்த்துப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் ஏஐ மாடலான நியூரல் நெட்வொர்க்கிடமே கொடுத்தார்கள். கார் ஓட்டும் விதம் நிஜமாகவே மேம்பட்டது. ஆனால் அப்படிப்பட்ட மாடல் பெரிதாகப் பெரிதாகத்தான் நன்றாக ஓட்டும். பெரிய மாடலுக்குப் பெரிய மெமரி வேண்டும். அதனால் 2024 கடைசியில் வந்த 13ஆம் பதிப்பும், 2025 அக்டோபரில் வந்த 14ஆம் பதிப்பும் ஹார்டுவேர் 4 கார்களுக்கு வந்தன. ஹார்டுவேர் 3 கார்கள் 12இலேயே நின்றன. இரண்டு பேர் ஒரே வசதிக்குப் பணம் கட்டியிருக்கிறார்கள், ஒருவர் 2021இல் வாங்கினார், இன்னொருவர் 2024இல் வாங்கினார் என்பதற்காக வேறு வேறு பொருள் கிடைக்கிறது. முன்னாலேயே நம்பிப் பணம் கட்டியவருக்குத்தான் குறைவானது.

ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதே, இப்போதுள்ள வசதிகளுக்கு ஓட்டுநரின் மேற்பார்வை தேவை, மற்றவை அரசு அனுமதியைப் பொறுத்தது என்று, அப்புறம் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். எழுதியிருப்பது உண்மைதான். எப்போது வரும் என்பதற்கு அந்த வரிகள் பாதுகாப்பு தரலாம். ஹார்டுவேர் போதும் என்று சொன்னதற்குத் தராது. லிஃப்ட் உண்டு என்று சொல்லி மூன்றாவது மாடி ஃபிளாட்டை விற்கிற புரமோட்டர், லிஃப்டுக்கு அரசு அனுமதி வரத் தாமதம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். லிஃப்ட் வைக்கிற குழியே சின்னதாகக் கட்டிவிட்டேன், பெரிதாக்க நீங்கள் பணம் தாருங்கள் என்றால் யாராவது விடுவார்களா? 2025 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோ நீதிமன்றம் ஒன்று, கலிபோர்னியாவில் இந்த வசதியை வாங்கியவர்கள் ஒரு கூட்டமாகச் சேர்ந்து வழக்கு நடத்த அனுமதித்ததும் அந்த ஹார்டுவேர் வாக்குறுதியை வைத்துத்தான்.

சரி, பணம் கட்டாதவர்கள். இங்கே மூன்று விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் பலர் மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். பழைய மாடல் எஸ், எக்ஸ் கார்களின் நடுத்திரைக்குப் பின்னால் 8 ஜிபி மெமரி சிப் ஒன்று இருந்தது. எழுதி எழுதி அது தேய்ந்துபோய்த் திரை செத்துவிடும், பின்பக்கக் கேமராவும் தெரியாது. 2021இல் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை கேட்டுக்கொண்டதன் பேரில் சுமார் 1.35 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்தார்கள். அது குறைபாடு, யார் பணம் கட்டினார் என்ற கேள்வியே இல்லை. அதே காலத்தில் வேகமான புதுத் திரை வேண்டும் என்றவர்களிடம் பணம் வாங்கி மாற்றினார்கள். நியாயம்தான், பழைய திரை சொன்ன வேலையைச் செய்துகொண்டிருந்தது, கூடுதல் வேகம் வேண்டுமென்றால் காசு கொடுக்கலாம். மூன்றாவதுதான் தகராறு. 2021 ஜூலையில் மாதம் 199 டாலர் சந்தா வந்தபோது, ஹார்டுவேர் 3க்கு முந்தைய கார் வைத்திருந்தவர்கள் சந்தா சேரவே புதுக் கம்ப்யூட்டருக்கு 1,500 டாலர் கட்ட வேண்டும் என்றார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாட்களில் 1,000 ஆக்கினார்கள்.

அந்த உரிமையாளர்கள் கோபப்பட்டது சரி என்பது என் கட்சி. 2016 அறிவிப்பு ‘ஒவ்வொரு காரிலும்’ என்றது, ‘கூடுதல் பணம் கட்டுபவர் காரில்’ என்று சொல்லவில்லை. பிற்காலத்தில் விருப்பப்பட்டால் சேர்ந்துகொள்ளலாம் என்று நினைத்துத்தான் பலர் அந்தக் காரை வாங்கினார்கள். ஆனாலும் கேட்காதவர் காரிலும் கம்ப்யூட்டரை மாற்றிக்கொண்டே போ என்று நிறுவனத்திடம் சொல்ல மாட்டேன், அது வீண். ஓர் ஆண்டாவது சந்தா கட்டுகிறேன் என்பவருக்கு மாற்றித் தரலாம். ஹார்டுவேர் 4 வைத்திருப்பவர்கள் அடுத்து வரப்போகும் ஹார்டுவேர் 5ஐ இலவசமாகக் கேட்டால், அவர்களுக்குச் சொல்லி விற்ற வேலையை 4 செய்து முடிக்கிற வரை கேட்க முடியாது என்பதும் என் எண்ணம்.

இந்தப் பேச்சில் எல்லோரும் விட்டுவிடுகிற ஒன்று காலம். எனக்கு மிகவும் வருத்தம் தருவது அதுதான். 2016 கடைசியில் வாங்கிய காருக்கு இப்போது ஒன்பது வயது தாண்டிவிட்டது. அந்த வசதி ஆளோடு போகாது, காரோடு போகும். இடையில் காரை விற்றவர்கள், விபத்தில் இழந்தவர்கள், லீஸ் முடிந்து திருப்பிக் கொடுத்தவர்கள் எல்லோரும் கட்டிய பணம் போனதுதான். 2023 மூன்றாம் காலாண்டில், புது டெஸ்லா வாங்கினால் பழைய காரிலிருந்து வசதியை மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை தந்தார்கள். அதற்குப் பிறகும் அவ்வப்போது தந்தார்கள். ஆனால் இழந்ததைப் பெற இன்னொரு கார் வாங்கு என்பதை நான் ஈடாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இன்னும் இரண்டு வருடம் கழித்து ஒரு நல்ல போர்டைக் கொண்டுவந்து இலவசமாகப் பொருத்தினாலும், பேட்டரி தேய்ந்த காருக்கு அதனால் என்ன பயன்? அதனால் மாற்றித் தருவதோடு நிற்கக் கூடாது. வேண்டாம் என்பவருக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும், காரை விற்றுவிட்டவருக்கும் சேர்த்து. எங்கள் திருப்பூர் முதலாளிக்கு ஒரு வருடத்துக்குள் மாற்றிக் கொடுத்தோம், அதனால் அவர் பொறுத்தார். ஏழு வருடம் இழுத்திருந்தால் அந்தப் பெட்டிகளையே தூக்கி வெளியே வைத்திருப்பார்.

2026 ஜனவரியில் மஸ்க் இன்னோர் அறிவிப்பு செய்தார். பிப்ரவரி 14க்குப் பிறகு இந்த வசதியை மொத்தத் தொகைக்கு விற்க மாட்டோம், மாதச் சந்தா மட்டும்தான் என்று. புதிதாக வாங்குபவர்களுக்கு இது நல்லது என்றே நினைக்கிறேன். ஹார்டுவேர் போதவில்லை என்றால் சந்தாவை நிறுத்திவிடலாம், நஷ்டம் நிறுவனத்துக்கு. மொத்தமாக முன்பணம் கட்டியவர்களுக்கு அந்த வழியே இல்லை, அவர்கள் கடன் கொடுத்தவர்கள் மாதிரி காத்திருக்கிறார்கள்.

2025 ஜூலையில் மும்பையில் டெஸ்லா கடை திறந்தபோது, சுமார் 60 லட்ச ரூபாய் மாடல் ஒய் காருக்கு மேல் இந்த வசதிக்கு 6 லட்சம் என்று விலை போட்டிருந்தார்கள். நம் சாலையில் அப்போது அது ஓடவே ஓடாது, பிற்பாடு வரும் என்ற பேச்சுதான். என்னோடு படித்த ஒருவன் பதிவு செய்யலாமா என்று போனில் கேட்டான். கார் பிடித்திருந்தால் வாங்கு, அந்த 6 லட்சத்தை மட்டும் கட்டாதே என்றேன். கட்டித்தான் ஆவேன் என்றால் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்கு: எந்தத் தேதிக்குள் வரும், இந்த ஹார்டுவேர் போதாவிட்டால் யார் செலவில் மாற்றுவார்கள், காரை விற்றால் பணம் திரும்பி வருமா. அவன் ஷோரூமில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றான். அடுத்த வாரம் கூப்பிட்டு, கலர் மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டேன் என்றான்.