அம்மாவின் போனில் பார்க்கிற பெண்

ஐயா,

மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். கொஞ்சம் நிலம், வீட்டு வாசலிலேயே ஒரு மளிகைக் கடை. மகள் பத்தாவது படிக்கிறாள். அவளுக்கென்று போன் கிடையாது, அம்மாவின் போனில்தான் எல்லாம். ராத்திரி பதினோரு மணிக்கும் போர்வைக்குள் வெளிச்சம் தெரிகிறது. முன்பு போல் கலகலவென்று பேசுவதில்லை. ஆஸ்திரேலியாவில் பிள்ளைகளுக்குச் சமூக ஊடகத்தைச் சட்டம் போட்டே தடுத்துவிட்டார்களாம். இங்கிலாந்திலோ அரசுத் தரப்பில் ஆராய்ந்துவிட்டு, கெடுதல் என்று நிரூபணம் இல்லை என்று சொன்னதாகத் தம்பி காட்டினான். எதை நம்புவது? போனைப் பிடுங்கி வைத்துவிடட்டுமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

தம்பி காட்டியது பாதி உண்மை. 2019 ஜனவரியில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் அறிவியல் தொழில்நுட்பக் குழு இதைப் பற்றி அறிக்கை கொடுத்தது. கையிலிருக்கும் ஆய்வுகளை வைத்து உறுதியாக ஒன்றும் சொல்ல முடியவில்லை என்றுதான் அதில் இருக்கிறது. தீங்கு இல்லை என்று அதில் சொல்லவில்லை. சமூக ஊடகக் கம்பெனிகள் தங்களிடம் உள்ள விவரங்களை ஆய்வாளர்களுக்குத் தர வேண்டும் என்றும் அந்தக் குழு கேட்டது. தம்பிக்கு வந்த செய்தியில் இது விடுபட்டிருக்கும்.

நிலம் வைத்திருக்கிறீர்கள், உங்களுக்கு இது சுலபமாகப் புரியும். மேட்டூரில் எத்தனை ஆயிரம் கன அடி திறந்தார்கள் என்று தினமும் பேப்பரில் வருகிறது. அதை வைத்துத் தலைஞாயிறு பக்கம் ஒருவர் வயலில் தண்ணீர் நிற்கிறதா என்று சொல்லிவிட முடியுமா? நடுவில் எத்தனை ஷட்டர், எத்தனை மதகு! ஆய்வுகள் பெரும்பாலும் அளந்தது மேட்டூர்க் கணக்கைத்தான், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று. அதுவும் பிள்ளைகள் வாயால் சொன்ன கணக்கு. கடைமடைக்கு வந்து சேர்ந்தது கோலம் போடுகிற வீடியோவா, 'நீ ஏன் இப்படிக் கறுப்பா இருக்கே' என்கிற கமெண்டா என்று அதில் தெரியாது. ஷட்டரை ஏற்றி இறக்குகிறவரிடம், அதாவது கம்பெனிக்காரரிடம், நோட்டு இருக்கிறது. அவர் காட்டமாட்டேன் என்கிறார்.

அதே 2019 ஜனவரியில் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் இருவர், பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் எடுத்த பெரிய கணக்கெடுப்புகளைச் சேர்த்து, மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்தார்கள். அவர்களுடைய மனநலத்தில் காணப்பட்ட வித்தியாசத்தில், போன், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்த்தே அதிகம் போனால் 0.4 சதவீதத்துக்குத்தான் கணக்குச் சொல்ல முடிந்தது. அடிக்கடி உருளைக்கிழங்கு சாப்பிடுவதற்கும் கிட்டத்தட்ட அதே அளவு தொடர்பு வந்தது! சிரிப்பாக இருக்கிறது. ஆனால் சராசரி என்பது அப்படித்தான், லட்சம் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாமல் நூறு பேர் முழுகிப்போனாலும் கூட்டி வகுத்தால் சின்ன எண்தான் வரும். 2023 மே மாதம் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவராக (சர்ஜன் ஜெனரல்) இருந்த விவேக் மூர்த்தி விடுத்த எச்சரிக்கை வேறு மாதிரி பேசுகிறது. தினம் மூன்று மணி நேரத்துக்கு மேல் சமூக ஊடகங்களில் இருக்கும் பிள்ளைகளுக்கு மனச்சோர்வு, பதற்றம் போன்ற அறிகுறிகள் வரும் வாய்ப்பு இரண்டு மடங்காம்.

ஆஸ்திரேலியச் சட்டம் 2025 டிசம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. பதினாறு வயதுக்குக் கீழே கணக்கு வைத்திருக்கக் கூடாது, மீறினால் அபராதம் கம்பெனிக்கு. சரி, உங்கள் மகளுக்கு ஏது கணக்கு? அவள் பார்ப்பது அம்மாவின் பெயரில். அந்தக் கம்பெனியின் கணக்கில் இந்த நேரத்தில் ரீல்ஸ் பார்ப்பது நாற்பது வயதுப் பெண்மணி. நம் ஊர்களில் முக்கால்வாசி வீடு இப்படித்தான் என்பது என் எண்ணம். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின் 2024 அசர் அறிக்கை நாடு முழுக்கக் கிராமங்களில் 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளைக் கேட்டது. ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரியும் என்றவர்களில், முந்தின வாரத்தில் படிப்புக்காக அதைத் தொட்டவர்கள் 57 சதவீதம், சமூக ஊடகத்துக்காகத் தொட்டவர்கள் 76. இங்கே அப்படியொரு சட்டம் வந்தாலும் இவர்களில் எத்தனை பேரை அது தொடும் என்று தெரியவில்லை.

பிடுங்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். பக்கத்து வீட்டுப் போன் இருக்கிறது. ஆனால் தூக்கத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நிரூபணம் போதாது என்று ஒப்புக்கொண்ட அதே பிரிட்டனில், தலைமை மருத்துவ அதிகாரிகள் 2019 பிப்ரவரியில் போனைப் படுக்கையறைக்கு வெளியே வைக்கச் சொன்னார்கள், சாப்பிடும்போது வேண்டாம் என்றார்கள். கூடத்தில் எல்லோரும் பாய் விரிக்கிற வீட்டில் படுக்கையறைக்கு எங்கே போவது என்பீர்கள். கடை இருக்கிறதே! ஒன்பது மணிக்குக் கல்லாவுக்குப் பக்கத்தில் சார்ஜில் போட்டுவிட்டுக் கடையைப் பூட்டுங்கள். உங்கள் போனும் அங்கேதான். நான் இதை என் வீட்டில் ஆரம்பித்தபோது முதல் வாரம் திருட்டுத்தனமாக எழுந்து போய்ப் பார்த்தவன் நான்தான், பையன் இல்லை.

பேச்சு குறைந்துபோனது வெறும் போனால்தான் என்று முடிவு கட்டாதீர்கள். பள்ளியில் ஏதாவது நடந்திருக்கலாம், பத்தாம் வகுப்புப் பயமாக இருக்கலாம். மனசு சரியில்லாமல் போனுக்குள் போய் உட்கார்கிற பிள்ளைகளும் உண்டு. சாப்பாடும் தூக்கமும் குறைந்துகொண்டே போனால் 14416-க்குக் கூப்பிடுங்கள். மத்திய அரசின் மனநல உதவி எண், பெயர் டெலி மானஸ், காசு கிடையாது, தமிழில் பேசலாம்.

அதற்கு முன்னால் ஒரு நாள் சாயங்காலம், கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து "என்ன பாக்குறே, எனக்கும் காட்டேன்" என்று கேளுங்கள். அரை மணி நேரம் வாயைத் திறக்காமல் பாருங்கள். என்ன பார்த்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.